மார்செல் மோஸ் மொய் விருந்துக்கு வந்தால்

"இந்தத் தியரியெல்லாம் படிச்சு என்ன மேடம் ஆகப்போகுது?"

புதுக்கோட்டை மாவட்டத்தில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கல்லூரி திறந்து ஒரு மாதம் ஆவதற்குள் யாராவது ஒரு பெண் இதைக் கேட்டுவிடுவாள். கேட்கிறவளைக் கோபித்துக்கொள்ள முடியாது. கீரமங்கலத்திலிருந்தோ வடகாட்டிலிருந்தோ காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பாள். அதற்கு முன்பே கொல்லையில் இறங்கிப் பூ எடுத்துக் கொடுத்திருப்பாள். அவளிடம் பாடப்புத்தகம் அமெரிக்காவின் பழைய கார் வியாபாரத்தைப் பற்றியும், தனித்தீவில் மாட்டிக்கொண்ட ராபின்சன் குருசோவைப் பற்றியும் பேசினால் அவள் வேறு என்ன கேட்பாள்?

நான் பதில் சொல்வதில்லை, திருப்பி ஒன்று கேட்பேன். "உங்க வீட்டில சீட்டு கட்டுறது யாரு?"

கை தூக்காதவர்கள் அபூர்வம். அம்மா, அத்தை, அப்பாயி. சில வீடுகளில் இரண்டு மூன்று சீட்டு. அடுத்த கேள்வி: "தபாலாபீஸ்ல மாசாமாசம் கட்டுற ஆர்.டி. இருக்கு. வட்டி உண்டு, அரசாங்கம் பொறுப்பு. அதை விட்டுட்டு, ரசீதே தராத ஒருத்தர்கிட்ட ஏன் கொடுக்கிறாங்க?" இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி "விவரம் தெரியாதுங்க மேடம்" என்னும். இன்னொரு பாதி "ஆசைதான்" என்னும். அம்மாவைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைக்கும். அரிசி விலையிலும் பால் கணக்கிலும் ஒரு ரூபாய் விடாத அம்மா, சீட்டு விஷயத்தில் மட்டும் எப்படி விவரமில்லாதவள் ஆனாள்?

கோட்பாடு வேலைக்கு வருகிற இடம் இதுதான். "அறியாமை" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. "இவள் புத்திசாலிதான் என்று வைத்துக்கொண்டால் இவள் செய்வது எப்படிச் சரியாகும்?" என்று கேட்டால்தான் கணக்கே தொடங்குகிறது.

1993இல் திமோதி பெஸ்லி, ஸ்டீஃபன் கோட், க்ளென் லௌரி என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அந்தக் கணக்கைப் போட்டார்கள். அவர்களுடைய கட்டுரை சமன்பாடுகளால் நிரம்பியது. சாரத்தைக் கரும்பலகையில் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடலாம். பத்துப் பெண்கள், எல்லோருக்கும் 20,000 ரூபாயில் ஒரு தையல் மெஷின் வேண்டும். ஆளுக்கு மாதம் 2,000 மிச்சம் பிடிக்க முடியும். தனித்தனியாகச் சேர்த்தால் பத்தாம் மாதம்தான் பத்துப் பேர் வீட்டிலும் மெஷின் ஓடும். அதுவரை பத்து வீட்டு டப்பாவிலும் பணம் சும்மா கிடக்கும். சீட்டாகச் சேர்ந்து குலுக்கிப் போட்டால் முதல் மாதமே ஒருத்திக்கு மெஷின் வந்துவிடுகிறது. இரண்டாம் மாதம் இன்னொருத்திக்கு. கடைசியில் எடுப்பவளுக்குப் பத்தாம் மாதம் வருகிறது. அவள் தனியாகச் சேர்த்திருந்தாலும் பத்தாம் மாதம்தான். ஆக, ஒன்பது பேருக்கு லாபம், ஒருத்திக்கும் நட்டமில்லை. எங்கள் பக்கம் முதல் சீட்டைச் சீட்டு பிடிப்பவர் எடுத்துக்கொள்வார், அது அவருடைய கூலி.

ஏலச் சீட்டு இன்னும் நுட்பமானது. இருபது பேர், ஆளுக்கு 5,000, மொத்தம் ஒரு லட்சம். யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. ஒருவர் 20,000 தள்ளி 80,000 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிய பணத்தில் நடத்துபவருக்கு 5,000 போக மீதி 15,000 இருபது பேருக்கும் பிரியும், தலைக்கு 750. அந்த மாதம் 4,250 கட்டினால் போதும். அவசரக்காரர் வட்டி கொடுக்கிறார், பொறுமைக்காரர் வட்டி வாங்குகிறார். வட்டி எவ்வளவு என்று எந்த வங்கி மேலாளரும் நிர்ணயிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த இருபது பேரின் அவசரம் நிர்ணயித்தது.

இதைப் போட்டு முடிக்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு இருக்கும். தன் தாயாருக்கு ஒரு சமன்பாடு உண்டு என்பது யாருக்கும் பிடித்துத்தான் போகும்.

ஆனால் இந்தக் கணக்கு பாதிதான் சொல்கிறது. தையல் மெஷினுக்காகச் சீட்டு சரி. குறிப்பாக எதுவும் வாங்கப்போகாத பெண்ணும் ஏன் சீட்டு கட்டுகிறாள்? இதற்குக் கென்யாவுக்குப் போக வேண்டியிருக்கிறது. நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் சிவான் ஆண்டர்சன், ழான்-மரி பலாண்ட் இருவரும் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. அங்கும் சீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் கணவனோடு வாழ்பவர்கள். ஆய்வாளர்களின் விளக்கம் எளிமையானது: வீட்டில் இருக்கும் பணம் எல்லோருடைய பணம், சீட்டில் இருக்கும் பணம் கைக்கு எட்டாத பணம். கணவன் கேட்டால் "சீட்டுக்குக் கட்டணும், கட்டலைன்னா தெருவில அசிங்கம்" என்று சொல்லலாம். அவன் மறுக்க முடியாது, அசிங்கம் அவனுக்கும்தான். அவர்கள் கண்ட இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. வருமானமே இல்லாத, வீட்டில் பேச்சு எடுபடாத பெண் சீட்டில் சேர்வதில்லை. முழு அதிகாரம் உள்ள பெண்ணுக்குச் சீட்டு தேவைப்படுவதில்லை. நடுவில் இருப்பவள், கொஞ்சம் சம்பாதித்து, கொஞ்சம் பேச்சும் செல்லுபடியாகிறவள்தான் அதிகம் சேர்கிறாள்.

இதை வகுப்பில் சொன்னபோது பின் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "எங்க அம்மா நூறு நாள் வேலைக்குப் போக ஆரம்பிச்ச பிறகுதான் மேடம் சீட்டுல சேர்ந்தாங்க" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாணவி தன் வீட்டில் நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்துக்கொண்டாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அது கிபேராவின் முடிவுக்கு நிரூபணமா என்று கேட்டால் இல்லைதான்.

கைக்கு எட்டாமல் வைக்க வேண்டியது கணவனிடமிருந்து மட்டுமா? தன்னிடமிருந்தும்தான். பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவில் ஒரு கிராம வங்கி, வாடிக்கையாளர்களுக்கு ஒரு விசித்திரமான கணக்கைக் கொடுத்துப் பார்த்தது. குறித்த தேதியோ குறித்த தொகையோ வரும்வரை பணத்தை எடுக்கவே முடியாது. அதற்காகக் கூடுதல் வட்டியும் கிடையாது. பாடப்புத்தகத்தின்படி ஒருவரும் சேரக் கூடாது. கேட்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். நவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் மூவரும் 2006இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கணக்கு வழங்கப்பட்ட குழுவின் சேமிப்பு ஓராண்டில் மற்றவர்களுடையதைவிட 81 சதவீதப் புள்ளிகள் அதிகமாக உயர்ந்திருந்தது. நாளைய தன்னைப் பற்றி இன்றைய தனக்கே நம்பிக்கை இல்லாதவர்கள் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். சீட்டுக்கு ரசீது இல்லை, வட்டி தெரியவில்லை, நடுவில் எடுக்க முடியாது. தபாலாபீஸ் அதிகாரி குறையாகப் பட்டியலிடுகிற இந்தக் கடைசி விஷயம்தான் அதன் பெரிய வசதி.

இவ்வளவு சொன்னதும் சீட்டுக்கு விளம்பரம் செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடிப்போன சீட்டுகளின் கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. நல்ல கோட்பாடு ஏன் நடக்கிறது என்பதோடு நின்றுவிடாமல் எங்கே உடையும் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் நெடுங்காலமாகச் சீட்டு பிடிக்கிற ஒரு அக்கா இருக்கிறார். ஒரு நாள் அவரிடம், "ஏலத்துல யாராவது அதிகமாத் தள்ளினா எல்லாருக்கும் லாபம்தானேக்கா?" என்று கேட்டேன்.

"லாபந்தான். ஆனா அப்படித் தள்ளுறவங்களைப் பார்த்தாத்தான் எனக்கு அடிவயிறு கலங்கும் டீச்சர்."

"ஏன்?"

"திருப்பிக் கட்டணும்னு நினைக்கிறவ கணக்குப் பார்த்துத் தள்ளுவா. கட்டப்போறதில்லைன்னு முடிவு பண்ணினவளுக்கு எவ்வளவு தள்ளினா என்ன?"

ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸும் ஆண்ட்ரூ வைஸும் 1981இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் கரு இதுதான். வட்டியை ஏற்றினால் வங்கிக்கு வருமானம் கூடும் என்று தோன்றும். ஆனால் ஏற்ற ஏற்ற நாணயமானவர்கள் விலகிப்போய், துணிந்த கட்டைகள் மட்டும் வரிசையில் நிற்பார்கள். அதனால்தான் வங்கி வட்டியை ஒரு அளவோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பேரை "கடன் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறது. இதன் வேர் ஜார்ஜ் அக்கெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது, அந்தப் பழைய கார் கட்டுரை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை என்ன ஆகும் என்பது அதன் கேள்வி. மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் பாடப்புத்தகங்கள் காரை மட்டும் வைத்துக்கொண்டு, அதே கட்டுரையில் அவர் இந்தியக் கிராமத்து லேவாதேவிக்காரர்களைப் பற்றி எழுதியிருப்பதை விட்டுவிடுகின்றன. வெளியூர் வங்கியைவிட உள்ளூர் லேவாதேவிக்காரர் அதிக வட்டி வாங்கியும் எப்படி நிலைக்கிறார்? எவன் நாணயஸ்தன் என்பது அவருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாது. எங்கள் பெண்களுக்கு இந்தப் பக்கத்தை முதலில் காட்டியிருந்தால் காருக்கு அவசியமே இருந்திருக்காது.

அக்காவின் வைத்தியம் என்ன? புதிதாகச் சேர்ந்தவருக்குப் பாதிச் சீட்டு முடியும்வரை ஏலம் கிடையாது. முன்னால் எடுப்பவருக்குச் சீட்டிலேயே இருக்கிற இன்னொருவர் ஜாமீன் போட வேண்டும். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்காகவே சாயங்காலத்தில் தெருவைச் சுற்றுகிறார் என்று நினைக்கிறேன். இருபது பேருக்கு இது போதும். இருநூறு பேருக்குப் போதாது. சீட்டு பெரிதாகிப் பெரிதாகி, நடத்துபவருக்கு ஆட்களைத் தெரியாமலும் ஆட்களுக்கு நடத்துபவரைத் தெரியாமலும் போகிற இடத்தில்தான் அது உடைகிறது.

அந்த அளவுக்கு மேல் சட்டம் வேண்டும், சட்டம் இருக்கவும் செய்கிறது. 1982ஆம் ஆண்டு மத்திய சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்துதான் நடத்த வேண்டும். 2019இல் வந்த திருத்தம் தனிநபர் நடத்தும் சீட்டுகளின் உச்சவரம்பை ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சமாகவும், நடத்துபவரின் கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் உயர்த்தியது. சீட்டு என்ற பெயருக்கே வந்துவிட்ட கெட்ட வாடையைப் போக்கச் சில புதுப் பெயர்களையும் சேர்த்தது. அந்த வாடைக்குக் காரணம் பெரும்பாலும் சீட்டே அல்ல. 2013இல் மேற்கு வங்கத்தில் கவிழ்ந்த சாரதா குழுமத்தைப் பத்திரிகைகள் "சிட் ஃபண்ட் மோசடி" என்றே எழுதின. புதிதாக வருகிறவர் பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்குக் கொடுக்கிற திட்டம் அது. ஒரு சீட்டு தொடங்கிய பிறகு அதில் ஆள் கூட முடியாது. இருபது பேரோடு தொடங்கி இருபது பேரோடு முடியும். ஒரு திட்டம் தாக்குப்பிடிக்கப் புது ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தால், எதில் கை வைக்கக் கூடாது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கோட்பாடு தவறிய கதையும் இதிலேயே உண்டு. மானுடவியலாளர் க்ளிஃபோர்ட் கீர்ட்ஸ் ஜாவாவில் 'அரிசான்' என்ற பெயரில் நடக்கும் சீட்டைப் பார்த்துவிட்டு 1962இல் எழுதினார்: இது விவசாயச் சமூகத்துக்கும் வணிகச் சமூகத்துக்கும் நடுவில் இருக்கிற படி, மக்கள் வங்கிக்குப் பழகியதும் இது மறைந்துவிடும். ஷர்லி ஆர்டனர் இரண்டே ஆண்டுகளில் அதை மறுத்து எழுதினார். யார் சொன்னது சரி என்பதற்கு இன்றைய ஜகார்த்தாவையோ சென்னையையோ பார்த்தால் போதும். வங்கிக் கணக்கு, ஏ.டி.எம். அட்டை, மொபைல் செயலி எல்லாம் இருக்கிற ஆசிரியர்கள் ஓய்வறையில் உட்கார்ந்து சீட்டு குலுக்குகிறார்கள். கீர்ட்ஸ் பெரிய மனிதர்தான். அவர் பார்த்தது பணத்தை. ஆர்டனர் பார்த்தது அதில் கூடுகிற ஆட்களை.

ஆட்கள் என்று வரும்போது எங்கள் மண்ணின் பெரிய விஷயத்துக்கு வந்தாக வேண்டும்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் போய்ப் பாருங்கள். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, ஆனால் பந்தல் இருக்கும், ஃபிளெக்ஸ் இருக்கும், ஆட்டுக்கறி வெந்துகொண்டிருக்கும். மொய் விருந்து. மொய் வாங்குவதற்காகவே வைக்கிற விருந்து. செலவைக் குறைக்க நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. ஒவ்வொருவர் பெயருக்கும் தனி மேசை, மேசைக்கு ஒரு நோட்டு, நல்ல கையெழுத்து உள்ள ஒருவர், பக்கத்தில் பணம் போட ஒரு எவர்சில்வர் பாத்திரம். சாப்பிட்டு, எழுதி, கிளம்பிவிடுவார்கள். லட்சக்கணக்கில் சேரும் விருந்துகள் சாதாரணம். அந்தப் பணத்தில் போர் போடுவார்கள், பிள்ளையைப் படிக்கவைப்பார்கள், கடை வைப்பார்கள். பிறகு சில ஆண்டுகளுக்கு, எழுதியவர்கள் வீட்டு விருந்துகளுக்கெல்லாம் போய்த் திருப்பி எழுத வேண்டும்.

மார்செல் மோஸ் இதைப் பார்த்திருந்தால் ஊரை விட்டே போயிருக்க மாட்டார். சமூகவியலாளர் எமில் துர்க்கைமின் சகோதரி மகனான இந்த பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் நூலகத்திலேயே இருந்து, உலகம் முழுவதிலிருந்தும் வந்த குறிப்புகளைச் சேர்த்து 1925இல் கொடையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ட்ரோப்ரியண்ட் தீவுகளில் சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் சங்கு வளைகள் எதிர்த்திசையிலும் தீவுக்குத் தீவு சுற்றிவருவது, வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் தலைவர்கள் போட்டி போட்டுச் செல்வத்தை வாரியிறைப்பது, சமஸ்கிருதம் கற்றவர் என்பதால் மகாபாரதத்தின் அனுசாசன பர்வம் எல்லாம் அதில் உண்டு. அவர் கண்டது மூன்று கடமைகள். கொடுத்தாக வேண்டும், கொடுத்ததை வாங்கியாக வேண்டும், வாங்கியதைத் திருப்பியாக வேண்டும். மூன்றில் எதை மறுத்தாலும் உறவை முறிப்பதாகப் பொருள்.

மொய் நோட்டை இந்தக் கண்ணோடு திறந்தால் சில விஷயங்கள் துலங்கும். ஒருவர் எனக்கு ஆயிரம் எழுதியிருக்கிறார். நான் அவருக்குச் சரியாக ஆயிரம் எழுதினால் கணக்கு நேராகிவிடும். பொருளாதாரம் அதைப் பாராட்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு "முடிச்சுக்கிட்டாங்க" என்று பெயர், அதில் ஒரு மனத்தாங்கல் இருக்கும். உறவு தொடர வேண்டுமென்றால் ஆயிரத்துக்கு மேல் கூடுதலாக எழுத வேண்டும். அந்தக் கூடுதல்தான் அடுத்த முறை அவரை என் பந்தலுக்கு வரவைக்கிறது. கடன் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் மொய்யின் உயிர் இருக்கிறது.

மோஸுக்குப் பின் வந்த பியர் பூர்தியூ ஒரு திருத்தம் சொன்னார். அல்ஜீரியாவின் கபைல் மக்களிடையே இருந்து அவர் கண்டது, கொடைக்கும் எதிர்க்கொடைக்கும் நடுவில் இருக்கிற கால இடைவெளிதான் முக்கியம் என்பது. உடனே திருப்பினால் வியாபாரம். நாள் கழித்துத் திருப்பினால் இரண்டும் தனித்தனி அன்பளிப்பு போலத் தோன்றும். கணக்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் தெரியாததுபோல நடந்துகொள்வதில்தான் கொடை நிற்கிறது.

அழகான கோட்பாடு. பேராவூரணியில் நிற்காது. இங்கே யாரும் எதையும் மறைப்பதில்லை. யார் எவ்வளவு என்று மைக்கில் சொன்ன பந்தல்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது கம்ப்யூட்டரில் பதிந்து கையோடு ரசீது கொடுக்கிறார்கள், பணம் எண்ணும் மெஷின் வைக்கிறார்கள். "உங்களுக்கு எங்க அப்பா எழுதினது இன்னும் வரலை" என்று முகத்துக்கு நேராகக் கேட்கலாம், தவறில்லை. இவ்வளவு வெளிப்படையான கணக்கு கொடையின் மானத்தைக் கெடுத்திருக்க வேண்டும். கெடுக்கவில்லை. வந்தவர்கள் சொந்தக்காரர்களாகத்தான் வருகிறார்கள், சொந்தக்காரர்களாகத்தான் போகிறார்கள். பூர்தியூவைப் படித்துவிட்டு இங்கே வருகிறவர் தன் கோட்பாட்டை எந்த இடத்தில் வெட்டித் தைக்க வேண்டும் என்பது நல்ல ஆராய்ச்சித் தலைப்பு. என் மாணவிகள் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன், பி.எட். போய்விட்டார்கள்.

மொய்யை இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம், அது காப்பீடு. எல்லா வீட்டுக்கும் ஒரே ஆண்டில் செலவு வருவதில்லை. ஒரு வீட்டில் கல்யாணம், ஒரு வீட்டில் ஆபரேஷன், ஒரு வீட்டில் நல்ல விளைச்சல். இருக்கிற வீட்டிலிருந்து இல்லாத வீட்டுக்குப் பணம் ஓடினால் எல்லோரும் தப்பிப்பார்கள். ராபர்ட் டவுன்செண்ட் 1994இல் இதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தார். ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிறுவனம் 1975 முதல் ஆண்டுக்கணக்கில் திரட்டிவைத்திருந்த புள்ளிவிவரங்களில் ஔரேபள்ளி, ஷிராபூர், கன்ஜாரா என்ற மூன்று கிராமங்களை எடுத்துக்கொண்டார். ஒரு குடும்பத்தின் வருமானம் ஏறி இறங்கினாலும் அவர்கள் சாப்பாட்டுச் செலவு அந்த அளவுக்கு ஏறி இறங்கவில்லை. ஊரின் சராசரியோடு சேர்ந்தே நகர்ந்தது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் எட்டிப்பார்க்காத ஊர்களில் ஏதோ ஒரு காப்பீடு ஓடிக்கொண்டிருந்தது. நிலமற்றவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு குறைவாக இருந்த அடையாளமும் அவர் கணக்கில் தெரிந்தது.

இந்த ஆய்வு எங்கே உடையும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு வீட்டின் கஷ்டத்தை ஊர் தாங்கும். ஊருக்கே வந்த கஷ்டத்தை யார் தாங்குவது?

2018 நவம்பர் 16, கஜா புயல். விடிந்தபோது தோப்பு தோப்பாகத் தென்னை படுத்துக் கிடந்தது. எடுக்க வேண்டியவரும் கொடுக்க வேண்டியவரும் ஒரே இரவில் ஒரே நிலைக்கு வந்தார்கள். அடுத்த ஆடியில் பந்தல் போட்டவர்கள் பாவம். அவர்கள் ஊரெல்லாம் எழுதி முடித்துவிட்டு, தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள். வந்தவர்கள் எழுதினார்கள், கூடுதல் இல்லாமல், வாங்கியதை மட்டும். சிலர் வரவேயில்லை, வரமுடியாததற்கு வெட்கப்பட்டு ரேஷன் கடையில்கூட முகம் திருப்பிக்கொண்டார்கள். நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும், கிட்டத்தட்ட ஒரு மொய்ச் சுற்று. அது முடிவதற்குள் 2020இல் ஊரடங்கு வந்து பந்தலுக்கே தடை போட்டது. ஊர்ப் பணம் ஊருக்குள்ளேயே சுற்றுகிற எந்த ஏற்பாட்டுக்கும் வெளியே ஒரு கை வேண்டும். அரசு நிவாரணமோ பயிர்க் காப்பீடோ சிங்கப்பூரில் இருக்கிற மகனோ, ஏதோ ஒன்று. இந்தக் கோட்பாடு தெரிந்த கலெக்டர், புயலுக்குப் பிறகு "இவங்களுக்குத்தான் மொய் இருக்கே, சமாளிச்சுக்குவாங்க" என்று நினைக்க மாட்டார்.

ஒன்றை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனமில்லை. இந்த நம்பிக்கை வலையின் விளிம்பு எங்கே முடிகிறது? பெரும்பாலும் சாதி முடிகிற இடத்தில். எந்தப் பந்தலில் யார் எழுதுகிறார்கள், யார் அடுப்படியில் வேலை மட்டும் செய்துவிட்டுப் போகிறார்கள் என்பதைப் பார்த்தால் தெரியும். ராபர்ட் புட்னம் சமூக மூலதனத்தைப் பற்றி எழுதியபோது, ஒரே மாதிரியானவர்களை இறுக்கிக் கட்டுகிற உறவு வேறு, வேறுவேறானவர்களுக்கு நடுவே பாலம் போடுகிற உறவு வேறு என்று பிரித்தார். மொய் முதல் வகை. அது இறுக்கமாக இருப்பதால்தான் பணம் திரும்புகிறது. அதே இறுக்கம்தான் பக்கத்துத் தெருக்காரரை வெளியே நிறுத்துகிறது. பந்தலுக்கு வெளியே நிற்பவருக்கு என்ன மிச்சம்? வாரக் கடன் வசூலிக்க பைக்கில் வருகிற நுண்கடன் ஆள். "ஊர் ஒத்துமை" என்று மேடையில் புகழ்கிறவர்கள் இந்த இரண்டாவது வரியைப் படிப்பதில்லை. பொருளாதாரப் புத்தகங்களும் ரொம்ப நாள் படிக்கவில்லை.

சமீபத்தில் என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள், ஆலங்குடிப் பக்கம். வீட்டில் மூன்றும் பெண்கள், மூவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அப்பா காலமாகி ஓராண்டு, இனி அம்மாதான் மொய் விருந்து வைக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது நிலத்தைப் போலவே மொய் நோட்டையும் பிரிப்பதை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன்; எந்தப் பக்கத்துக் கடன் யாருக்கு, எந்த வரவு யாருக்கு என்று பேசி முடிப்பார்கள். மகள்களுக்கு அதில் பேச்சே இருக்காது. தமிழ்நாடு 1989லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்துச் சட்டத்தைத் திருத்தியது. மொய் நோட்டு எந்தச் சட்டத்திலும் இல்லை.

"அப்பா ஊரெல்லாம் எழுதி வச்சிருக்காங்க மேடம். பையன் இல்லாத வீடு, இனி திருப்பி யார் செய்யப்போறாங்கன்னு நினைச்சு யாரும் வரமாட்டாங்களோன்னு அம்மாவுக்குப் பயம். மோஸ் இதுக்கு ஏதாவது எழுதியிருக்காரா?"

எழுதவில்லை. ஆனால் கேள்வியின் விடை எதில் தொங்குகிறது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. வருகிறவருக்கு இனிமேல் இந்த வீட்டிலிருந்து எதிர்மொய் வரும் என்ற நம்பிக்கை வேண்டும். அதனால் அழைப்பிதழில் அம்மா பெயருக்குக் கீழே மூன்று மகள்கள் பெயரையும், மருமகன்கள் ஊரையும், மூவரின் செல்பேசி எண்ணையும் போட்டார்கள். ஃபிளெக்ஸிலும் அப்படியே. பந்தலில் மூன்று மகள்களும் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று ஒவ்வொருவரையும் பார்த்துக் கும்பிட்டார்கள். கூட்டம் வந்தது. நோட்டை இன்னும் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்: அப்பா எழுதியதில் எவ்வளவு திரும்பியிருக்கிறது, அதில் கூடுதல் வைத்தவர்கள் எத்தனை பேர், சரியாக முடித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர். இரண்டு பட்டியலையும் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.